0.0, 0.5, 2 விழுக்காடு: மூன்றும் ஒரே பியர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மது குறைந்த பியரைப் பற்றித் தமிழில் பேச்சு வந்தாலே ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: "தண்ணி கலந்த பியர்." காப்பிக்கடை மேசையில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் குடியைக் குறைத்துக்கொள்ள நினைக்கும் ஒருவர் பேரங்காடிக்குப் போய்க் கண்ணில் பட்ட முதல் டின்னை எடுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "சொன்னது சரிதான்" என்று மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றும்போது அந்தச் சொல் நஷ்டமாகிறது. வீட்டில் பியர் காய்ச்சும் வாசகர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். சுவை வேறுபடுகிறது என்பதை மறுக்கவில்லை. அந்த வேறுபாட்டுக்குத் தண்ணீர் காரணம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 5 விழுக்காட்டு பியர் 320 மில்லியில் 16 மில்லி மது இருக்கிறது. தண்ணீர் ஊற்றி அதை 2 விழுக்காட்டுக்கு இறக்க 480 மில்லி தண்ணீர் வேண்டும். ஒரு டின் இரண்டரை டின் ஆகிவிடும். கசப்பும் மணமும் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அப்படி ஒரு பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவர எந்த ஆலைக்கும் துணிச்சல் வராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய ஆலைகள் பலவற்றில் வழக்கமான 5 விழுக்காட்டு பியரைத்தான் முதலில் கெட்டியாகக் காய்ச்சி நொதிக்க வைத்து, பிறகு ஆக்சிஜன் நீக்கிய தண்ணீர் சேர்த்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் கலந்த பியர் எது என்று கேட்டால் விரல் எந்தப் பக்கம் நீளவேண்டும்?

அதேபோல், நாக்கில் கனமாகத் தெரிவதெல்லாம் மதுவும் இல்லை. குழாயிலிருந்து வரும் கின்னஸ் டிராட்டில் மது 4.2 விழுக்காடுதான், டைகரில் 5. கறுப்பு நிறமும், வறுத்த பார்லியின் கசப்பும், நைட்ரஜன் தரும் பாலாடை போன்ற நுரையும் சேர்ந்து கின்னஸை 'பலமான சரக்கு' என்று நம்பவைக்கின்றன. நாக்கை இப்படி ஏமாற்ற முடியும் என்பதுதான் மது குறைந்த பியர் காய்ச்சுபவரின் முதலீடே.

பியரில் மது என்ன வேலை செய்கிறது? அதற்கு லேசான இனிப்பும் லேசான கசப்பும் சொந்தமாக உண்டு. தொண்டையில் இறங்கும்போது ஒரு வெதுவெதுப்புத் தருகிறது. பானத்துக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கிறது. இவற்றைவிட முக்கியமாக, மணங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மணப்பொருள்கள் பலவும் தண்ணீரைவிட மதுவில் நன்றாகக் கரைபவை. 5 விழுக்காடு மது இருக்கும்போது அவை திரவத்துக்குள் கட்டுப்பட்டு நின்று, கொஞ்சம் கொஞ்சமாகவே மூக்குக்கு வரும். மதுவை எடுத்துவிட்டால் பிடி தளர்ந்து எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிடும். அதில் முந்திக்கொண்டு வருவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், அதாவது மால்ட்டின், சாற்றிலுள்ள பச்சை வாசம். மால்ட் பானத் தூளில் சுடுநீர் ஊற்றியதும் எழுமே, அது. கூடவே வேகவைத்த உருளைக்கிழங்கின் சாயல். முன்னதற்கு 3-மெத்தில்பியூட்டனல், பின்னதற்கு மெத்தியோனல் என்ற ஆல்டிஹைடுகள் காரணம். சாதாரண பியரிலும் இவை உண்டு. ஆனால் அங்கே ஈஸ்ட் பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது, மீதியை மது அமுக்கிவிடுகிறது. மது குறைந்த பியரில் இந்த இரண்டு காவலும் தளர்ந்துவிடுகிறது. "பியர் மாதிரி இல்லை, ஏதோ சத்துமாவுக் கரைசல் மாதிரி இருக்கிறது" என்பவர் தவறாகச் சொல்லவில்லை. அவர் மூக்கில் பட்டது அதுதான்.

கள்ளைப் பற்றித் தெரிந்த மூத்தோருக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் இறக்கியது இனிக்கும், மாலையில் ஏறிவிடும், புளிக்கும். சர்க்கரை மதுவாகவும் அமிலமாகவும் மாறுகிற கதை இரண்டிலும் ஒன்றே. மது குறைந்த பியர் என்பது அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தியது, அல்லது முழுவதும் நடக்கவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்தது. எந்த வழியில் செய்தது என்பதைப் பொறுத்துச் சுவை அடியோடு மாறும்.

பாதியில் நிறுத்துவதில் பல உத்திகள். சாற்றை உறைநிலைக்கு அருகில், 0 பாகை செல்சியஸ் பக்கம் வைத்து ஈஸ்ட்டோடு சேர்த்து வைப்பது ஒன்று. அந்தக் குளிரில் ஈஸ்ட் மதுவை அதிகம் உண்டாக்காது, ஆனால் பச்சை வாசத்தை ஓரளவு தின்றுவிடும். இன்னொன்று, சாற்றிலுள்ள சர்க்கரையில் பெரும்பங்கான மால்டோஸைத் தின்னத் தெரியாத ஈஸ்ட் வகையைப் போடுவது. சாக்கரோமைக்கோடிஸ் லுட்விகி அப்படிப்பட்டது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றோடு நின்றுவிடும். பிக்கியா குளுவேரி குளுக்கோஸை மட்டும் தின்று, கைம்மாறாக நல்ல வாழைப்பழ மணத்தைத் தரும். இப்படிச் செய்த பியர்களில் மால்டோஸ் அப்படியே தங்குவதால் ஓர் இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மால்டோஸ் சாதாரணச் சர்க்கரையைப் போலத் தித்திக்காது என்பதால்தான் அது பானமாகத் தேறுகிறது.

முழுவதும் நொதிக்கவிட்டு மதுவை எடுப்பது மற்ற வழி. காற்றழுத்தத்தைக் குறைத்தால் 40, 50 பாகையிலேயே மது ஆவியாகிவிடும். பியர் வெந்த வாசம் அடிக்காது. ஆனால் மதுவோடு சேர்ந்து வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் போன்ற எஸ்டர்களும் பறந்துவிடும். அதனால்தான் பிறகு மணத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள். டின்னின் பின்பக்கத்தில் 'இயற்கை மணமூட்டி' என்றிருப்பதன் பொருள் பெரும்பாலும் அதுதான். சவ்வு வழியாக அழுத்தி வடிப்பதும் உண்டு. தண்ணீரும் மதுவும் சவ்வைத் தாண்டும். நிறமும் கசப்பும் மால்ட்டின் கனமும் இந்தப் பக்கமே நிற்கும். இழந்த தண்ணீரைத் திரும்ப ஊற்றுவார்கள். நீக்கி எடுத்த பியரில் குறை வேறு மாதிரி இருக்கும்: இனிப்பு இராது, வாசம் சுத்தமாக இருக்கும், ஆனால் நடுவில் ஒரு குழி. முதல் வாயில் பியர், விழுங்கும்போது ஒன்றுமே இல்லை.

கடையில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு குறுக்குவழி உண்டு. 0.0 டின்னின் சத்துப் பட்டியலில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். ஒரு கிராம் அளவில் நின்றால் பெரும்பாலும் மதுவை நீக்கியது. மூன்று கிராமுக்கு மேல் போனால் பாதியில் நிறுத்தியது, அல்லது சர்க்கரையோ பழச்சாறோ சேர்த்தது. முகப்பில் சிங்கப்பூரின் சத்துத் தரக் குறியீடான நியூட்ரி-கிரேட் 'சி' இருந்தால் சர்க்கரை 5 கிராமைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பியர் வரிசையில் வைத்து எடைபோடாமல் குளிர்பானமாகவே எண்ணிக்கொள்ளுங்கள். கசப்பான, வறண்ட லாகர் பிடித்தவர் முதல் வகையைத் தேடவேண்டும். கோதுமை பியர், கறுப்பு பியர் பிடித்தவருக்கு இரண்டாவது வகை அவ்வளவு உறுத்தாது, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே மால்ட் வாசமோ வறுவலோ முன்னால் நிற்கிறது.

எங்கள் கணிப்பில், சுவைக்காக ஏங்குபவர் 0.0க்குத் தாவுவதைவிட 2 முதல் 3.5 விழுக்காடு வரையுள்ள பியரைத் தேடுவது மேல். அந்த அளவு மதுவே மணங்களைக் கட்டிப்போடப் பெருமளவு போதும், எதையும் நீக்கவும் வேண்டாம். இங்கிலாந்தின் மைல்டு, பெர்லினின் புளிப்பு வெய்ஸ, ஆஸ்திரேலியாவில் 3.5 விழுக்காட்டு அளவில் தாராளமாக விற்கும் நடுத்தர பியர் எல்லாம் இந்த வரம்புக்குள் பிறந்து வளர்ந்தவை. யாரும் அவற்றை ஊனப்பட்ட பியர் என்று சொல்வதில்லை. நம் ஊரில் 2 விழுக்காடு என்றதும் நினைவுக்கு வருவது எலுமிச்சை கலந்த ரேட்லர். அது நல்ல வெயில்கால பானம். ஆனால் எலுமிச்சைப் புளிப்பும் சர்க்கரையும் மால்ட்டை மறைத்துவிடுவதால், மது குறைந்த பியர் எப்படி இருக்கும் என்பதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: 2 விழுக்காட்டு டின் இரண்டில் 12.8 மில்லி மது இருக்கிறது, அது வழக்கமான ஒரு டின்னுக்கு வெகு தூரத்தில் இல்லை. வாகனம் ஓட்டுவோருக்கு இங்குள்ள, 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பு, மது எந்த டின்னிலிருந்து வந்தது என்று கேட்காது. மதுவே ஆகாது என்றிருப்பவருக்கு 0.5ம் 0.0ம் ஒன்றல்ல.

பரிமாறும் முறையில்தான் பாதி விஷயம் கெடுகிறது. காப்பிக்கடையில் குவளை நிறைய ஐஸ் போட்டுப் பியர் ஊற்றுவது நம் பழக்கம். இந்த வெக்கையில் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 320 மில்லியில் 80 மில்லி ஐஸ் கரைந்தால் 5 விழுக்காடு 4 ஆகும். வழக்கமான லாகர் அதைத் தாங்கும். 0.0க்கு அதே 80 மில்லி மரண அடி; இருக்கிற கொஞ்ச கனமும் போய், கசப்பு மட்டும் தனியாக நிற்கும். ஐஸ் வேண்டாம். டின்னைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, 4 முதல் 6 பாகையில் எடுத்து, ஈரமான சுத்தக் கண்ணாடிக் குவளையில் நுரை பொங்க ஊற்றுங்கள். நுரைதான் இல்லாத கனத்தை உதட்டுக்கு ஈடுகட்டுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள குவளையில் நுரை நிற்காது; பஜ்ஜி தின்ற வாயில் முதல் முடக்கிலேயே செத்துவிடும். கின்னஸ் 0.0 டின்னில் நைட்ரஜன் உருண்டை இருப்பதால் அதை ஒரே ஊற்றாக ஊற்றி அடங்கவிடவேண்டும்.

உணவோடு வரும்போது மது குறைந்ததே சில இடங்களில் ஜெயிக்கிறது. மிளகாய்க் காரம் எந்த நரம்பைச் சுடுகிறதோ அதே நரம்பை மதுவும் தூண்டுகிறது. மீன் தலைக் கறிக்கு 8.8 விழுக்காட்டு பேரன்ஸைத் திறந்தவர் நெருப்பில் நெய் ஊற்றுகிறார். கொஞ்சம் மால்ட் இனிப்புத் தங்கிய 2 விழுக்காட்டு பியர் அங்கே அடக்கமாக உதவும். சாத்தே, நிலக்கடலை, சால்ட்டட் முட்டை வறுவல் போன்ற கொழுப்பும் உப்பும் மிகுந்தவற்றுக்கு மட்டும் வறண்ட, கசப்பான முழு பியருக்கு இணை குறைவு.

சேமிப்பிலும் சலுகை கிடையாது. பச்சைப் போத்தல் வெயிலில் நின்றால் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஒளியால் உடைந்து, மரநாய் நாற்றம் போன்ற ஒன்று சில நிமிடங்களிலேயே வரும். 30 பாகைச் சூட்டில் அடுக்கி வைத்த பெட்டியில் நனைந்த அட்டை வாசம் ஏறும். 5 விழுக்காட்டில் இந்தப் பிழைகள் ஓரளவு மறைந்துகொள்ளும். மது இல்லாதபோது அம்மணமாக நிற்கும். அதனால் சலுகை விலையில் காலாவதிக்கு ஒரு மாதம் முன்னால் கிடைக்கும் 0.0 பெட்டியை வாங்கிவிட்டு, அந்த வகை முழுவதையும் பழிக்கவேண்டாம்.

இனி, காய்ச்சிப் பார்க்க விரும்புவோருக்கு. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்தக் குடிப்புக்காக, வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல் பியர் காய்ச்சலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. 10 லிட்டருக்கு 900 கிராம் வெளிர் மால்ட், 250 கிராம் மியூனிக் மால்ட், 150 கிராம் ஓட்ஸ் அவல், 100 கிராம் வெளிர் கேரமல் மால்ட். குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருப்பதால், 75 லிட்டருக்கு ஒரு மெட்டாபைசல்பைட் மாத்திரை என்ற கணக்கில், அதைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். விட்டுவிட்டால் மருந்துக்கடை வாசம் வரும், இந்த மெல்லிய பியரில் அதை மறைக்க எதுவும் கிடையாது.

ஊறவைக்கும் சூடுதான் இந்தப் பியரின் உயிர். வழக்கமாக 65, 66 பாகையில் வைப்போம். இதற்கு 73 அல்லது 74 பாகையில் 40 நிமிடம். அந்தச் சூட்டில் மால்டோஸை உண்டாக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி சீக்கிரம் செத்துவிடும். ஆல்ஃபா அமைலேஸ் மாவுச்சத்தைப் பெரிய துண்டுகளாக மட்டும் வெட்டும். ஈஸ்ட் தின்ன முடியாத அந்தத் துண்டுகளே வாயில் கனமாகத் தெரிபவை. 77ஐத் தாண்டவிட்டால் ஆல்ஃபாவும் தளர்ந்து, மாவு கலங்கலாகத் தங்கிவிடும். அயோடின் சொட்டு விட்டுப் பார்த்து, நீலம் வராதபின் வடியுங்கள். தொடக்க அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து) 1.030 அருகே இருக்கும். முடிவு 1.013 என்றால் மது சுமார் 2.2 விழுக்காடு. வழக்கமான 5 விழுக்காட்டு பியர் 1.048இல் தொடங்கி 1.010இல் முடியும். முடிவு எண்ணைக் கவனியுங்கள்: மது குறைந்ததில்தான் மிச்சம் அதிகம்.

ஹாப்ஸை வழக்கம்போல் போட்டால் கெட்டது. 6 விழுக்காடு ஆல்ஃபா அமிலம் (கசப்புப் பொருள்) உள்ளதில் 8 கிராம் 60 நிமிடம், 10 கிராம் கடைசி 5 நிமிடம். கசப்பு 16, 17 அலகுக்குள் நிற்கும். 25க்கு ஏற்றினால் வேப்பங்கொழுந்து. மணத்துக்கு வேண்டுமானால் நொதித்தபின் 20 கிராம் உலர் ஹாப்ஸ் போடலாம், இரண்டு நாளில் எடுத்துவிடவேண்டும். ஈஸ்ட் 5 கிராம், மால்டோடிரையோஸ் என்ற சர்க்கரையைத் தின்னாத ஆங்கில ஏல் வகையாக. 18 முதல் 20 பாகை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறைச் சூட்டில் விட்டால் தலைவலி தரும் கன ஆல்கஹால்களின் நெடி ஏறும். பழைய குளிர்பெட்டியில் சூடுகட்டுப்படுத்தியை மாட்டுங்கள், இல்லையேல் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து ஐஸ் போத்தல்களை மாற்றிக்கொண்டிருங்கள்.

பிழை நடக்கும் இடங்கள் மூன்று. புளிப்பு ஒன்று: குறைவாக நொதித்த பியரில் அமிலத்தன்மை குறைந்து, பி.எச். 4.6க்கு மேல் நின்றுவிடலாம். சுவை சப்பென்று போவது ஒருபுறம், மது இல்லாத இடத்தில் கெட்ட கிருமிகள் வளர அது கதவு திறந்துவிடுகிறது. 80 விழுக்காட்டு லாக்டிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாகச் சேர்த்துக் கலக்கி அளந்து 4.3க்குக் கீழே கொண்டுவாருங்கள். நாக்குக்கும் அது உயிர் கொடுக்கும். கின்னஸ் 0.0 2020இல் வெளிவந்த சில வாரங்களிலேயே நுண்ணுயிர்க் கலப்பால் பிரிட்டனில் திரும்பப் பெறப்பட்டது. அத்தனை பெரிய ஆலைக்கே அப்படி. அடுத்தது போத்தல் வெடிப்பு. பியரில் நிறைய மாவுச்சத்துத் துண்டுகள் மிச்சம் இருப்பதால், காட்டு ஈஸ்ட் ஒன்று புகுந்தால் அதையும் தின்று வாயுவாக்கும். குழாய்களைக் கொதிநீரில் அலசுங்கள். மூன்று நாள் இடைவெளியில் அடர்த்தி மாறாமல் இருந்தால் மட்டும் 70 கிராம் சர்க்கரை சேர்த்துப் போத்தலில் அடையுங்கள். கடைசியாக, முழு பியரை அடுப்பில் சுடவைத்து மதுவை விரட்டும் 'எளிய வழி'. ஹாப்ஸ் மணம்தான் முதலில் ஓடும், மது முழுவதும் போகாது, மிஞ்சுவது அட்டை வாசமடிக்கும் கசாயம். செய்யாதீர்கள்.

எல்லாம் சரி, வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறதா, இல்லை லேபிளைப் பார்த்து மனம் சொல்கிறதா என்று சந்தேகப்படுபவர் மூன்று குவளைச் சோதனை செய்யலாம். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. ஊற்றியவர் வேறு, குடிப்பவர் வேறு. 8 பாகையில், நிறம் தெரியாத குவளையில். மாறுபட்டது எது என்று குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும், ஆகவே ஆறுமுறையாவது செய்யவேண்டும். உறையும் குளிரில் செய்தால் எல்லாமே ஒன்றுபோல்தான் இருக்கும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பியருக்கான கலால் தீர்வை, உள்ளே இருக்கும் மது லிட்டருக்கு 60 வெள்ளி. 5 விழுக்காட்டு 320 மில்லி டின்னில் அது 96 காசு, 2 விழுக்காட்டில் 38 காசு, 0.5க்கு மேல் போகாததற்கு ஒன்றுமில்லை. மதுவை நீக்கும் இயந்திரச் செலவு அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்கிறது என்பது நியாயம். ஆனால் 2 விழுக்காட்டு பியரில் நீக்கும் வேலையே இல்லை. மால்ட்டும் குறைவாகவே போகிறது. அது முழு பியர் விலைக்கே விற்கப்படும் இடத்தில் வாங்குபவர் காரணம் கேட்கலாம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். 'மது இல்லாத பியர்', 'லைட் பியர்' என்று பொதுவாக எழுதாமல் விழுக்காட்டு எண்ணைச் சேர்த்தே அச்சிடுங்கள். காப்பிக்கடை, உணவங்காடிக் கடைக்காரர்களும் விலைப்பலகையில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிவைக்கலாம். ஒரு சுண்ணக்கட்டியும் அரை நிமிடமும் போதும்.

இப்படிக்கு,
வீட்டில் பியர் காய்ச்சும் வாசகர்கள் சிலர்,
ஈசூன்